அணைக்காத விளக்குகள்

ஸ்டாக்போர்ட்
செப்டம்பர் 9

அன்புள்ள இத்வல் அண்ணனுக்கு,

நெஸ்டா எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கிளெனிஸ் அண்ணி எடுத்து, "அவரு படகுல போயிருக்காரும்மா" என்கிறார். அவருக்குப் பின்னால் நீ தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம். நம் ஊர் மொழியில் நான் கடிதம் எழுதிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இங்கே வீட்டில் எல்லாம் ஆங்கிலம்தானே. பிழை இருந்தால் சிரித்துக்கொள். என் வீட்டுக்காரர் கிரஹாமுக்கு இதைப் படிக்கத் தெரியாது என்பது ஒரு வசதி.

என் பெண் லினெட்டுக்குக் கல்யாணம் முடிந்த மறுநாள் காலையை நினைக்காமல் என்னால் ஒரு வாய் தேநீர் குடிக்க முடியவில்லை. வயலில் போட்டிருந்த கல்யாணக் கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன். கறுப்புத் துணிகள் காற்றில் பறந்து வந்து புல்லில் கிடக்கின்றன என்று நினைத்தேன். கிட்டே போனதும் ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. என்லித் தீவில் வளைக்குள் வளர்ந்து, முதல் தடவையாகக் கடலுக்குக் கிளம்பிய புயல்பறவைக் குஞ்சுகள். பனிமூட்டத்தில் திசை தெரியாமல் நம் விளக்குகளைப் பார்த்து வந்து விழுந்திருந்தன. தண்ணீரில் துடுப்பாக இருக்கும் அந்தக் கால்களால் தரையில் நிற்கக்கூட முடியாது. நமக்கு முன்னால் கடல்காக்கைகள் எழுந்து அவற்றைக் கொத்திக் குதற ஆரம்பித்துவிட்டன. போதாக்குறைக்கு, விடிவதற்குள் கிளம்பிய விருந்தாளிகளின் கார்கள் வேறு அந்தப் புல்மேல்தான் போயிருந்தன.

மாப்பிள்ளை வீட்டார் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தபோது, நீ தீவன மூட்டையில் செத்ததையெல்லாம் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் கொட்டினாய். அதுகூட எனக்கு வலிக்கவில்லை. எல்லோருக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்தில் கத்தினாயே, "இவ இந்த ஊர்ல பொறந்தவன்னு யாரும் நம்பாதீங்க. வந்து பாத்துட்டுப் போற கூட்டத்துல இவளும் ஒருத்தி!" என்று. அதுதான்.

நீ முன்கூட்டியே சொல்லியிருந்தாய், மறுக்கவில்லை. மூட்டம் இறங்கினால் எல்லா விளக்கையும் உடனே அணைத்துவிட வேண்டும் என்றாய். நான் சரி என்றேன். மூட்டம் இறங்கியதும் விளக்குப் போட வந்த கெத்தினிடம் சொல்லவும் செய்தேன். பாட்டுச் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை போலிருக்கிறது. இருந்தாலும் தவறு என்னுடையதுதான். மன்னித்துவிடு அண்ணா. ஒரு வரி எழுது.

உன் தங்கை,
நெஸ்டா


பென்டிர்
செப்டம்பர் 14

நெஸ்டா,

கடிதம் வந்தது. பிழைகள் இருந்தன. சிரிக்கவில்லை.

கெத்தினை நேற்று டீசல் போடும் இடத்தில் பார்த்தேன். கேட்டேன். "சத்தியமா யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. மெயின் சுவிட்ச் என் காலடியிலதான் இருந்துச்சு. சொல்லியிருந்தா ஒரு நொடி வேலை" என்றான். கேட்டவுடன் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தன்னால்தான் எல்லாம் என்று பயந்துபோயிருக்கிறான். அவன் தலையில் இதைக் கட்டாதே.

அந்த வயலில் விளக்குக் கட்ட விடலாமா என்று பறவைக் காப்பகத்தார் யோசித்தபோது, "என் தங்கச்சி வீட்டுக் கல்யாணம், நான் பொறுப்பு" என்று சொன்னவன் நான். தீவுக்குப் படகு ஓட்டுவதும், கரையில் விழும் குஞ்சுகளைப் பொறுக்கிக் கடலில் விடுவதும் என் வேலை என்று ஊருக்கே தெரியும். போன வாரம் அவர்களிடம் போய் அந்தக் காவல் வேலை எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் போகச் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

இறைச்சிக் கடையில் ஹவெல், "என்ன இத்வல், அடுத்த கல்யாணம் எப்ப? முன்னாடியே சொல்லிடு, எங்க கோழிய எல்லாம் உள்ள அடைச்சு வச்சிடறோம்" என்றான். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

லினெட் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பெண் தூங்கி எழுந்த உடையோடு ஓடிவந்து, கையெல்லாம் கொத்துப்பட்டு, உயிர் இருந்ததையெல்லாம் அட்டைப் பெட்டிகளில் எடுத்து வைத்தாள். கல்யாணப் பரிசுகள் வந்த பெட்டிகள். இதை அவளிடம் சொல்.

இத்வல்


ஸ்டாக்போர்ட்
செப்டம்பர் 20

அண்ணா,

கெத்தினிடம் சொன்னேன் என்று எழுதியது பொய். எழுதும்போதே பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். அவனுக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். மூட்டம் இறங்கியதும் எனக்கு உன் ஞாபகம் வந்தது. எழுந்து அவன் பக்கம் நடந்தேன். லினெட் அவள் அப்பாவோடு ஆடிக்கொண்டிருந்தாள். கிரஹாம் ஆடி நான் பார்த்ததே இல்லை. பாதி வழியில் மாப்பிள்ளை டோபியின் அம்மா ஃபெலிசிட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே காட்டி, "அங்க பாருங்களேன்! வெள்ளைப் பூ உதிர்ற மாதிரி இருக்கு. இதெல்லாம் நீங்க ஏற்பாடு பண்ணதா?" என்று கேட்டார்.

மேலே பார்த்தேன். மூட்டத்துக்குள் வெள்ளை வெள்ளையாக மின்னி மின்னி இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு அது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வெள்ளை, அவற்றின் வயிறு. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "ஆமா, அழகா இருக்கில்ல" என்றேன். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அவர்களெல்லாம் பெரிய இடம். இத்தனை பேர் ஆடும்போது, "எங்க ஊர்ல பறவை வரும், விளக்க அணைச்சிருங்க" என்று நடுவில் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஐந்து நிமிஷம் போகட்டும் என்று நினைத்தேன். பிறகு இன்னொரு ஐந்து நிமிஷம்.

அதே கூச்சத்தில்தான் உன்னையும் பேச அழைக்கவில்லை. நீ நல்ல கோட்டுப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாய். மணப்பெண்ணுக்கு வாழ்த்துப்பா எழுதி வைத்திருந்தாய் என்று அண்ணி பிறகுதான் சொன்னார். நம் மொழியில் சொன்னால் அவர்கள் யாருக்கும் புரியாது, நேரமும் ஆகிவிட்டது என்று கிரஹாம் சொன்னதும் நான் வாயைத் திறக்கவில்லை. தாய்மாமன் ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கல்யாணம் முடிந்தது. பேச்சுகள் முடிந்தவுடன் நீ எழுந்து போனதை நான் பார்த்தேன். பார்த்தும் கூப்பிடவில்லை.

லினெட் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "மாமா ஏம்மா பேசல?" என்று ஒருமுறை கேட்டாள். "நேரம் ஆயிடுச்சுடி" என்றேன். என்னையே பார்த்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

காப்பகத்தாருக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பிவிட்டேன். பழி என்னுடையது, உனக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது, காவலை உன்னிடமே திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன்.

நெஸ்டா


பென்டிர்
செப்டம்பர் 27

நெஸ்டா,

நீ எழுதியிருக்கக் கூடாது. அவர்கள் நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "உங்க தங்கச்சி எல்லாத்தையும் சொல்லிட்டாங்க, நீங்க திரும்ப வந்துடுங்க" என்றார்கள். கிளெனிஸ் அவர்களுக்குப் பழரொட்டி வெட்டி வைத்தாள். வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

யோசிக்க ஒன்றும் இல்லை. உனக்குப் பங்கு உண்டு என்று சொல்லத்தான் எனக்கு வாய் இருந்தது. என் பங்கைச் சொல்லவில்லை.

அன்று கூடாரத்திலிருந்து வந்து மாடி ஜன்னலில் உட்கார்ந்தேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மூட்டம் தீவுப் பக்கத்திலிருந்து கடலைத் தாண்டி வருவதைப் பார்த்தேன். உங்கள் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நீ எழுதிய அந்த வெள்ளையை நானும் பார்த்தேன். உன்னைவிட நன்றாகப் பார்த்தேன். என் கையில் தொலைநோக்கி இருந்தது.

கிளெனிஸ் மேலே வந்தாள். "விழ ஆரம்பிச்சிடுச்சா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப போய் அணைச்சிட்டு வாங்க. ரெண்டு வேலிதானே தாண்டணும்."

"அவ வாக்குக் குடுத்திருக்கா. அவளே அணைப்பா."

"அணைக்கலையே!"

"அணைக்காட்டி, காலையில அவளே பாக்கட்டும்."

இதைத்தான் சொன்னேன் நெஸ்டா. இதே வார்த்தை. கிளெனிஸ் என்னைப் பார்த்த பார்வையை நான் சொல்ல மாட்டேன். அவளே பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். "நீ போனா, நான் அங்க போய்க் கெஞ்சின மாதிரி ஆகும். போகாதே" என்று கதவை மறித்து நின்றேன். என் வீட்டில் நான் கதவை மறித்தது அதுதான் முதல் தடவை. அவள் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தாள்.

உங்கள் விருந்தாளிகளுக்குத் தெரியாது. உனக்குக் கூச்சம். எனக்கு? நான் அந்தப் பறவைகளைக் காப்பதற்காகவே இருப்பவன். ஒவ்வொன்றும் விழ விழ, என் கை ஓங்குகிறது என்று ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் மூட்டையில் பொறுக்கும்போதுகூட என்ன சொல்லித் திட்டலாம் என்றுதான் மனது ஓடியது. மேசைக்குப் பக்கத்தில் கொட்டியது கோபத்தில் இல்லை. விடிவதற்கு முன்பே முடிவு செய்தது.

அதனால் காவலை என்னால் வாங்க முடியாது. நீயும் என்னிடம் மன்னிப்புக் கேட்காதே. கேட்டால் எனக்குக் கூசுகிறது.

இத்வல்


ஸ்டாக்போர்ட்
அக்டோபர் 2

இத்வல்,

உன்னை அண்ணா என்று எழுத இன்று கை வரவில்லை.

நான் ஒரு மாதமாகச் செத்துப் பிழைக்கிறேன். லினெட் தேனிலவுக்குப் போன இடத்தில் இரண்டு கையிலும் கட்டோடு இருந்தாள். அந்தக் காலையில் அவள் ஒவ்வொரு குஞ்சையும் எடுத்து, "இது சூடா இருக்கு மாமா, இது சூடா இருக்கு" என்று உன்னிடம்தானே ஓடி ஓடி வந்தாள்? அப்போது உன்னால் எப்படி அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது? நீ வேலியைத் தாண்டி வந்து அந்த சுவிட்சைக் காலால் மிதித்திருந்தால் போதும். என்னை எல்லோர் முன்னாலும் அறைந்திருந்தாலும் எனக்குச் சம்மதம். வந்திருக்கலாமே!

எழுதிவிட்டு வெளியே போய் நடந்துவிட்டு வந்தேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

உன்னைத் திட்டுவதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது அண்ணா. அது எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது உனக்கு வந்ததும் இதே நிம்மதிதான் போலும்.

உன் கடிதத்தை லினெட்டிடம் படித்துக் காட்டினேன். அவளுக்குப் பேசத் தெரியும், படிக்க வராது. அதுவும் என் குறைதான். முழுக்கக் கேட்டாள். அழவில்லை. "நான் மாமாகிட்ட போறேன். நீ வராத, நீ வந்தா நீங்க ரெண்டு பேரும் மாறி மாறி உங்க குத்தத்தையே பேசிட்டு இருப்பீங்க" என்றாள். சனிக்கிழமை வருகிறாள். டோபியும் வருகிறான்.

நெஸ்டா


பென்டிர்
அக்டோபர் 16

அன்புள்ள நெஸ்டா,

உன் பெண் வந்தாள், இருந்தாள், போனாள். வீடு இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது.

வந்த அன்றே கேட்டாள்: "இந்தக் கரையில எந்தெந்த வீட்டு விளக்கு கடலைப் பாத்து எரியுது, மாமா?" சொன்னேன். "அப்ப வாங்க, வீடு வீடாப் போய்ச் சொல்லுவோம்." நான் மாட்டேன் என்றேன். எந்த முகத்தோடு போவது? "இதே முகத்தோடதான். வேற முகம் இருக்கா உங்ககிட்ட?" என்றாள். கிளெனிஸ் பின்னால் நின்று சிரித்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

போனோம். டோபி பாதையெல்லாம் நம் மொழியில் 'விளக்கு', 'இருட்டு', 'நன்றி' என்று மூன்று வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தான். முதல் கதவில் பதற்றத்தில் இருட்டுக்கு நன்றி என்று சொல்லிவிட்டான். அந்த வீட்டார் அவனை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார்கள்.

சுற்றுலாக்காரர்கள் வண்டி வீடுகளை நிறுத்தும் கேரவன் வயல் வைத்திருக்கிறாளே எய்ர்வென், அவள் வாசலில்தான் மாட்டிக்கொண்டோம். வாய் உனக்குத் தெரியுமே. "வாங்க வாங்க, விளக்குக் கல்யாணத்து ஆளுங்களா! ஊரையே பகலாக்கிட்டு, இப்ப எங்களுக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்களா?" என்றாள். லினெட் பதில் சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"எய்ர்வென், அன்னிக்கு ராத்திரி நான் ஜன்னல்லேருந்து எல்லாத்தையும் பாத்தேன். போய் அணைச்சிருக்கலாம். தங்கச்சி மேல இருந்த கோவத்துல வேணும்னே போகல. இந்தப் பொண்ணு மேல தப்பில்ல" என்றேன்.

இன்னும் ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். "நாங்களும் பாத்தோம் இத்வல்" என்றாள். "எங்க வீட்டுக்காரரு போலாம்னாரு. நான்தான், அவங்க வீட்டுக் கல்யாணம், அண்ணனும் தங்கச்சியும் பாத்துக்கட்டும், நமக்கென்னன்னு திரைய இழுத்து விட்டேன்." உள்ளே போய்க் கேரவன் வயலின் கம்ப விளக்குகளை அணைத்தாள். நாங்கள் மூன்று பேரும் அந்த இருட்டில் அப்படியே நின்றோம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எத்தனை ஜன்னல்களில் எத்தனை பேர் நின்றிருக்கிறோம் என்றுதான் தோன்றியது.

காப்பகத்தாரிடமும் போய் ஜன்னல் கதையைச் சொல்லிவிட்டேன். காவலுக்குப் பாங்கோரிலிருந்து ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். சினா என்று பெயர். நல்ல பெண். அவளைத் தீவுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வருவது நான். அவள் சொல்வதைக் கேட்டு நடக்கிறேன். சில நாள் தவறாகச் சொல்கிறாள். அப்போது மட்டும் வாயைத் திறக்கிறேன்.

லினெட் போகும்போது, "அடுத்த செப்டம்பர்ல அம்மாவை அனுப்பறேன். இங்க விட்டுட்டுப் போயிடுவேன், நீங்களே பாத்துக்குங்க" என்றாள். ஏதோ ஆட்டை அனுப்புகிற மாதிரி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளெனிஸ் பின்அறையைச் சுத்தம் செய்ய இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

உன்னைக் கூட்டத்தில் ஒருத்தி என்று சொன்னதை நான் திரும்ப வாங்க முடியாது. ஆங்கிலத்தில் சொன்னேன், அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. வா. வந்தால் நமக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். வேலை இருக்கிறது, அதனால் வா.

உன் அண்ணன்,
இத்வல்


பென்டிர், சமையலறை மேசை
மறு வருடம், செப்டம்பர் 6

அண்ணா,

நீ தீவிலிருந்து திரும்பும்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். மூட்டம் இறங்குகிறது. எய்ர்வென் போன் செய்தாள். கீழே கார்கள் நிற்கும் இடத்தில் குஞ்சுகள் விழ ஆரம்பித்துவிட்டனவாம். அண்ணியும் நானும் பெட்டிகளோடு போகிறோம். யாரும் விளக்கைப் போடாமல் பார்த்துக்கொள்ள, கிரஹாமை மதுக்கடை சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறோம். அவருக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருக்கிறது.

இன்று காலை நீ படகில் ஏறும்போது ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டாய். நானும் அப்படித்தான் இந்த வாரம் முழுக்க. ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுக்கும்போது எனக்குப் போன வருடத்துப் புல்வெளிதான் தெரிகிறது. இதை எத்தனை எடுத்தாலும் அது தீராது. நீ அதை எனக்குச் சொல்ல வேண்டாம், நானும் உனக்குச் சொல்லவில்லை.

அடுப்பில் ஆட்டுக்கறிக் குழம்பு இருக்கிறது. சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு வா, வெறும் வயிற்றோடு வராதே. அடுப்புக்குப் பக்கத்தில் துண்டு போட்டு மூடிய பெட்டியில் ஒரு குஞ்சு இருக்கிறது. கொல்லைப் பக்கம் கிடைத்தது. நன்றாகக் கொத்துகிறது, அதனால் பிழைத்துவிடும். வரும்போது அதையும் எடுத்து வா, எல்லாவற்றையும் சேர்த்தே கடலில் விடலாம். பூனையை உள்ளே விடாதே.

நெஸ்டா

கிளம்பும்போது இந்த விளக்கை அணைத்துவிட்டு வா.